எர்த்துக்கு ஒரு குடம்

1

போன வாரம் எங்கள் குளியலறைச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்த எலக்ட்ரீசியனிடம், “எர்த்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?” என்று கேட்டேன்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்கள் ஊரில் ஊற்றுவார்களா?” என்று விசாரித்தார். ஊற்றுவார்கள் என்றேன். “பர்மிங்ஹாமில் அந்த வேலையை வானம் பார்த்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள்” என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம் டீ போடுகிற சாக்கில் கீழே இறங்கி வந்து, சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். டீ வர ஏன் இத்தனை நேரம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

நாங்கள் இருப்பது பழைய வீடு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும், அப்படி வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மாடியில் இருந்த மின்சார ஷவர் நாங்கள் குடிவந்தபோதே சுவரில் இருந்தது. பச்சைத் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போய், போகிற போக்கிலேயே சூடாகி, மறுபக்கம் தலையில் விழும். குளிர்காலம் வந்தால் அதற்குத் தெம்பு போதாது. இன்னும் வலுவானது வேண்டும் என்று என் மகள் அனு பிடுங்கி எடுத்து, கடைசியில் வாங்கியும் விட்டோம். மாட்ட வந்தவர், “ஷவர் புதிது, ஒயர் பழையது, தாங்காது” என்று சொல்லி, கீழே மீட்டரிலிருந்து மாடிவரை தடித்த கேபிள் இழுக்க ஆரம்பித்தார். வீடு முழுக்கக் காரைத் தூள். குளிக்க வழியில்லை என்று அனு தோழி வீட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டாள். “வாளியில் வெந்நீர் வைத்துக் குளியேன்” என்றேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் அம்மாவை அப்படிப் பார்க்கக்கூடாது. நான் என்ன, ஆற்றங்கரைக்குப் போய்த் துணியோடு முங்கச் சொன்னேனா?

அதே வாரத்தில் அம்மாவின் திதியும் வந்து சேர்ந்தது. மார்கழியில் போனவள் அவள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பெண் திதி கொடுக்கிற வழக்கமில்லை என்று இந்த ஊர்க் கோவில் வாத்தியார் முதல் வருஷமே சொல்லிவிட்டார். அதனால் அரிசியும் வாழைக்காயும் வெல்லமும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். இந்த வருஷம் அதையும் காரைத் தூள் படிந்த தலையோடு செய்தேன். தலைக்குக் குளிக்காமல் அம்மாவின் திதிக்குப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2

அம்மாவுக்கு மயிலாப்பூர்தான் ஊர். அடையாறு வெளியூர். ஆதம்பாக்கம் அயல்நாடு. பர்மிங்ஹாம் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே அம்மா, மாடி போர்ஷனில் மல்லிகா டீச்சர். டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர், தனி ஆள். வாடகைக்கு வந்தவர்தான். ஆனால் அப்பா போனபிறகு அம்மாவுக்கு ரேஷன் கடை, மருந்துக் கடை, போன் எல்லாமே அவர்தான்.

அப்பா காரியம் முடிந்ததும் அம்மாவை என்னோடு அழைத்து வந்தேன். ஒரு கோடை முழுக்க இருந்தாள். அப்புறம் கிளம்பிவிட்டாள். “உங்க ஊர்ல ஒரு முழம் பூ வாங்க முடியலை. சண்டை போடலாம்னா ஒருத்தர் அகப்படலை. எதைச் சொன்னாலும் ‘சாரி’ங்கறா. அவாளோட என்னடி பேசறது?” என்றாள். கறிகாய்க்காரியிடம் கொசுறுக்கு வாதாடாத ஒரு நாளை அம்மாவால் நாள் என்றே ஒப்புக்கொள்ள முடியாது. திரும்பிப் போன அன்றைக்கே தெருவில் யாரோடோ சண்டை போட்டதாக மல்லிகா டீச்சர் போனில் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு. பச்சைத் தண்ணீர் ஆகாது. அப்பா இருந்தவரை வெந்நீரை அவர் தூக்கிக்கொண்டு போய் வைப்பார். அவருக்குப் பிறகு அம்மாவே கேஸ் அடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரத்தை ஏற்றி, கொதித்ததும் கைப்பிடித் துணியால் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, கொல்லையில் இருக்கிற குளியலறைக்குப் போவாள். ஒருநாள் காலையில் துணி நழுவியது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோயிற்று.

மல்லிகா டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் என் கணவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசி, இனிமேல் அம்மாவைத் தனியாக விடக்கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு அழைத்து வந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்களுக்கு எல்லாம் முடிவு செய்வது சுலபம். போனில் அம்மாவிடம் சொன்னேன். அப்பா போனபோதுகூட என் எதிரில் அழாதவள், போனில் அழுதாள்.

“வசு, என்னை இந்த ஆத்தை விட்டு மட்டும் கிளப்பாதே. வேற எது சொன்னாலும் கேக்கறேன். நான் இங்கேயே இருந்துக்கறேன்டி.”

அப்படிக் கெஞ்சுகிற குரல் அம்மாவுக்கு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. சரி, ஒரு வழி பண்ணுகிறேன் என்றேன். வெந்நீரை அவள் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. அவள் குளிக்கிற இடத்துக்கு வெந்நீர் தானே வரவேண்டும். அது முடிந்தால் அம்மா மயிலாப்பூரில் இருக்கலாம். முடியாவிட்டால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

3

நான் செய்த காரியத்தை வெளிநாட்டுவாசி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். இங்கே கடைக்குப் போய், எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே ஒரு மின்சார ஷவர் வாங்கி, புடவைகளுக்கு நடுவே பெட்டியில் வைத்து, மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் இறங்கினேன்.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். “இது என்னம்மா?”

“ஷவர் சார்.”

“ஷவருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய டப்பா?”

“கரண்ட்ல ஓடும்.”

“தண்ணியிலயா கரண்ட்டு?” என்று கேட்டு, இன்னொரு அதிகாரியையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில், “பாத்துக் குளிங்கம்மா” என்று சாக்பீஸால் பெட்டியில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ராயப்பேட்டையிலிருந்து சலீம் பாய் வந்தார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவர்தான். டப்பாவின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இன்னாமா இது? எட்டு கிலோவாட்டா? இத்த மாட்டி சுவிட்ச் போட்டா ஒங்க வூடு மட்டுமில்ல, தெருவே இருட்டாய்டும். அப்பால மயிலாப்பூரே என்னத் தேடிகினு வரும்.”

பிறகு எனக்கு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார், ஏதோ நான் பிறந்து வளர்ந்த வீட்டை முதல்முறை பார்க்கிறவள் போல. ஒரு வகையில் அது சரிதான். சுவர்களில் மரப்பட்டை மேல் ஓடிய கறுப்பு ஒயர்களை நான் பார்த்திருக்கிறேனே தவிர, கவனித்ததில்லை. உருண்டைச் சுவிட்சுகள், வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், எல்லாம் அப்பாவுக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் போட்டவை. “இது வெளக்கு எரியறதுக்குப் போட்ட லைன்மா. ஃபேன் சுத்துதே, அதுவே பெரிசு. எர்த்துன்னு ஒண்ணு இந்த வூட்ல கெடையவே கெடையாது” என்றார் சலீம் பாய்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கொண்டுவந்த ஷவரைப் பரணில் போட்டுவிட்டு, தி. நகரில் ஒரு கடையில் சின்ன இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றும் அதற்கேற்ற ஷவர் குழாயும் வாங்கினேன். அதற்கே தனி லைன், புது மெயின் போர்டு, எர்த் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கரண்ட் ஆபீஸில் கூடுதல் லோடுக்கு அனுமதி வாங்க வேண்டும்.

இணைப்பு அப்பா பேரில் இருந்தது. “அவர் வந்து கையெழுத்து போடணுமே” என்றார் அங்கே இருந்த அதிகாரி.

“அவர் காலமாயிட்டார் சார்.”

“அப்ப அவருக்கு எதுக்கும்மா கூடுதல் லோடு?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது சந்தேகமாக இருந்தது. முதலில் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது. என் லீவு கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா, வெந்த காலில் கட்டோடு, ஒரு ஆட்டோ பிடித்துத் தானே கிளம்பினாள். பாங்குக்குக்கூடத் தனியாகப் போகாதவள், அந்த அதிகாரி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இதோ பாருங்கோ. நீங்க கையெழுத்து போட்டா நான் எங்காத்துல இருப்பேன். போடலைன்னா என் பொண்ணு என்னை மூட்டை கட்டி இங்கிலாந்துக்குத் தூக்கிண்டு போயிடுவா. உங்களுக்கு எது சௌகரியமோ அதைப் பண்ணுங்கோ.”

அவர் சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு அம்மா இருந்திருக்க வேண்டும். நான் ஊர் திரும்புவதற்குள் அனுமதி வந்துவிட்டது.

அதன்பின் சலீம் பாயின் ராஜ்யம். கிரிக்கெட் இருந்தால் ஆள் வரமாட்டார். “மேச்சு கீதுமா, நாளிக்கு வந்து முடிச்சுடறேன்” என்று சொல்லி அனுப்புவார். ‘நாளிக்கு’ நான்கைந்து நாள் கழித்து வரும். ஆனால் வந்த நாளில் மாடாக உழைப்பார். கடைசியாகக் கொல்லையில், குளியலறைச் சுவரை ஒட்டி, எர்த்துக்குக் குழி தோண்டினார். நடுவில் ஒரு குழாயை நட்டு, சுற்றிலும் உப்பும் கரியும் மாறிமாறிப் போட்டு நிரப்பினார். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். “இதுகிட்ட ஊறுகாய் ஜாடின்னா தோத்துது!” என்றாள்.

“தெனம் இந்தக் கொழாய்ல ஒரு கொடம் தண்ணி ஊத்துங்கமா” என்றார் சலீம் பாய். “காய வுட்டீங்கன்னா எர்த்து வேலை செய்யாது. ஏதாவது ஒயரு தப்பாத் தொட்டுச்சுன்னா கரண்ட்டு மண்ணுக்குப் போவாது. ஒங்க மேல ஏறிடும்.”

சலீம் பாய்க்கு எதையும் பெரிதாகச் சொல்லித்தான் பழக்கம். மண் காயாமல் எப்போதாவது நனைத்தால் போதும் என்று பின்னால் விசாரித்தபோது சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அது எப்படித் தெரியும்? அம்மா மேல் கரண்ட் ஏறுவது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஏர்போர்ட்டில் உள்ளே நுழையும்போதும் திரும்பி நின்று, “எர்த்துக்குத் தண்ணி விட மறந்துடாதேம்மா” என்றுதான் சொன்னேன்.

ஆனால் முதல் நாள் குளியலைச் சொல்ல வேண்டும். அம்மா வெளியே வந்தபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. “மழையில நனைஞ்சா மாதிரியே இருக்குடி வசு. ஆனா யாரும் திட்டலை.”

4

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பேசுவேன். அனு முதலில் வாங்கி, “ஹலோ பாட்டி, நான் நல்லாருக்கேன்” என்பாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். அம்மா ஏதாவது கேட்டால் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள்.

பிறகு நான். “எர்த்துக்குத் தண்ணி விட்டியாம்மா?”

“விட்டேன். நீ சாப்பிட்டியா?”

எங்களுக்குள் இதுவே குசலம் விசாரிப்பதாகிவிட்டது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அன்பு என்றால் விசாரணைதான். மாத்திரை போட்டுக்கொண்டாயா, கதவைத் தாழ்போட்டாயா, கேஸை மூடினாயா. பக்கத்தில் இருந்தால் நாமே செய்துவிடுவோம், கேட்கமாட்டோம். இப்படிக் கேட்டுக் கேட்டே நம் கடமை முடிந்ததாக நமக்கு ஒரு திருப்தி. வெளிநாட்டில் இருக்கிற பெண்கள், பிள்ளைகள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

அடுத்த கோடையில் மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம். முந்தின வருஷ மழை பொய்த்து, ஏரிகள் வறண்டு, தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குடத்தோடு நின்றவர்கள் நீங்கள். எனக்கு அது இங்கே கோவிலில் யாரோ பேசிக்கொண்டபோது காதில் விழுந்த செய்தி. அம்மாவிடம் கேட்டேன்.

“கொஞ்சம் கஷ்டம்தான். எல்லாருக்கும்தானே” என்றாள்.

“ஷவர்லதானே குளிக்கறே? அடுப்புல வெந்நீர் வைக்கலையே?”

“ஷவர்லதான். பின்ன?”

“எர்த்துக்கு?”

“விட்டாச்சு.”

எனக்கு நிம்மதி. மேலே மாடியில் அனு குளித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறை உள்ளே போனால் கண்ணாடி ஜன்னலெல்லாம் ஆவி படியும்வரை வெளியே வரமாட்டாள்.

5

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. அனுதான் எடுத்தாள். “யாரோ ஒரு பெண், ரொம்ப வேகமாகப் பேசுகிறாள், இந்தியாவிலிருந்து என்று நினைக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லி நீட்டினாள்.

“வசந்தி, நான் மல்லிகா பேசறேன். பதறாதீங்க. அம்மா கொல்லைல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. நான் கூடத்தான் இருக்கேன்.”

போய்ச் சேர்ந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் அம்மா படுத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்திருந்தது. கட்டிலில் அவள் இருந்த இடம் ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி என்று நினைத்தேன். வலி இல்லை. இனி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். குளியலறையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீசர் மேல் தூசி. மெயின் போர்டில் அதன் சுவிட்சை அணைத்து, யாரும் தொடாதபடி மேலே ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. கொல்லைக்குப் போனேன். முழுக் கொல்லையும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்க, எர்த்துக் குழாயைச் சுற்றி மட்டும் ஈரம். அங்கே பூசியிருந்த சிமெண்டில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. வழுக்கிக்கொண்டு போன கால் தடமும் இருந்தது.

மல்லிகா டீச்சர் ஒரு வாளித் தண்ணீரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தார்.

“ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லலை? தண்ணியே இல்லைன்னு?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க, வசந்தி. டேங்க்ல தண்ணி ஏறியே மாசக்கணக்காச்சு. லாரி வந்தா நான்தான் பிடிச்சு வைப்பேன். குடிக்க, சமைக்க, அரை வாளி குளிக்க. வெந்நீர் நான் போட்டுக் கொண்டு வந்து வைப்பேன். ஸ்கூல் நாள்ல நான் அவசரமாக் கிளம்பிட்டேன்னா பச்சைத் தண்ணியிலயே உடம்பைத் துடைச்சுப்பாங்க. ஆனா எர்த்துக்கு ஒரு குடம் மட்டும் தினம் போயாகணும்.”

“ஷவரையே அணைச்சு வச்சிருக்கே. அப்புறம் எர்த் எதுக்கு?”

“அதைத்தான் நானும் கேட்டேன். கரண்ட்டே போகலை, எதுக்கு மாமி நல்ல தண்ணியை மண்ணுல கொட்டறீங்கன்னு. பாத்திரம் கழுவின தண்ணியாவது ஊத்துங்கன்னேன். கேக்கலை.” மல்லிகா டீச்சர் வாளியின் கைப்பிடியைத் தூக்கித் தூக்கி விட்டார். “‘வசு ஞாயித்துக்கிழமை கேப்பா. ஷவர்ல குளிக்கறேன்னு ஏற்கெனவே அவகிட்ட ஒரு பொய் சொல்லிண்டிருக்கேன். ரெண்டாவது பொய் என்னால ஆகாது’ன்னாங்க.”

முதல் பொய் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷவர் ஓடவில்லை என்று தெரிந்தால் நான் வீட்டைப் பூட்டிவிடுவேன். அதுதானே ஒப்பந்தம். அம்மா அந்த வீட்டில் இருப்பதற்காக ஒரு பொய் சொன்னாள். பொய் சொன்ன பாவத்துக்கு ஈடாக, தான் குளிக்க வேண்டிய தண்ணீரை இடுப்பில் சுமந்துகொண்டு போய் தினமும் மண்ணில் ஊற்றினாள். அந்த ஈரத்திலேயே விழுந்தாள்.

டீச்சர் கொண்டுவந்த வாளியில் நான் குளிக்கவில்லை. குளிக்க மனசு வரவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

6

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் எனக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வரேன்.”

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு முழம் பூவுக்குச் சண்டை போடுகிறவள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

சம்பளமில்லாத லீவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வயதான தாயாருக்குச் சொந்த நாட்டில் ஆதரவாக உறவு யாரும் இருக்கக்கூடாது. “யாரும் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க மாமி, வேற எதுவும் பேசாதீங்க” என்று மல்லிகா டீச்சர்தான் அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோல. விசா ஆபீஸ் வாசல்வரை அவரும் வந்தார். சக்கர நாற்காலியில் அம்மாவை நான் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

வெள்ளைக்கார அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். “இங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லையா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, “யாருமே இல்லைன்னு எப்படிச் சொல்றது? மாடியில மல்லிகா இருக்காளே” என்றாள்.

எனக்கு உயிர் போயிற்று. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவர் உங்களுக்கு என்ன உறவு?”

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “உறவு இல்லை” என்றாள்.

அவர்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். விசா கிடைத்துவிட்டது. வெளியே மரத்தடியில் காத்துக்கொண்டிருந்த மல்லிகா டீச்சரின் முகத்தை அம்மா பார்க்கவில்லை. “உன்னை உறவு இல்லைன்னுட்டேன்டி மல்லிகா” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “அதனால என்ன மாமி, கரெக்டான ஆன்சர்தானே” என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆட்டோ கூப்பிடப் போனார். ஆட்டோக்கள் அங்கேயே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவர் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

இங்கே வந்தபின் அம்மாவை நான்தான் குளிப்பாட்டினேன். பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து ஷவரைத் திறப்பேன். வெந்நீர் கொட்டும். தோளில் சோப்பு நுரை போகும் முன்னாலேயே, “போறும் வசு, நிறுத்து, நிறுத்து” என்பாள். இந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அனு குளிக்கும்போது வாக்கரோடு போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “கொழந்தே, போறும்மா” என்று தட்டுவாள். “என் குளியலைக்கூட இந்த வீட்டில் காவல் காக்கிறார்கள்” என்று அனு உள்ளிருந்து ஆங்கிலத்தில் கத்துவாள். அவள் என்ன சொல்கிறாள் என்று அம்மா என்னைக் கேட்பாள். ஆயிற்று, வந்துவிடுகிறேன் என்கிறாள் என்பேன். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்ததில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

மற்றபடி அம்மா தொந்தரவே கொடுக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. ‘சாரி’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஐப்பசி கடைசியில் மல்லிகா டீச்சர் போன் செய்தார். மெட்ராஸில் நல்ல மழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர், குளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஏரிகள் நிரம்பிவிட்டன, குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. “அம்மாகிட்ட குடுங்க வசந்தி, நானே சொல்றேன்” என்றார்.

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. பூக்காரி எப்படி இருக்கிறாள், தெருமுனைக் கடையில் தண்ணீர் புகுந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

“டேங்க்ல ஜலம் ஏறறதா? ஷவர்ல வரதா?... நெஜமாவா? அப்ப நான் இனிமே ஆத்துக்கு வந்துடலாமோல்லியோ, மல்லிகா?”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அதை என்னிடம் கேட்கவில்லை.